பெண்ணுக்கு இடது கை

என் நாடி விழுந்துவிட்டது, இரண்டு மூன்று நாள் தாங்கினால் அதிகம் என்று உறவுக்காரர்களுக்கு ஆள் அனுப்பிய அன்று, நான் அடுப்படியில் உட்கார்ந்து பழைய சோறும் சுண்டவைத்த மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பசி நன்றாகவே இருந்தது. சாகப்போகிறவளுக்கு இப்படிப் பசிக்குமா என்று எனக்கே சந்தேகம். ஆனால் வைத்தியர் சொல்லிவிட்டார், வீட்டில் எல்லாரும் நம்பிவிட்டார்கள். இதில் நான் ஒருத்தி என்ன சொல்ல?

பிழைத்து வந்த பிறகு ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். புற்றுநோய்க்கும் கை நாடிக்கும் என்ன சம்பந்தம், ஆபரேஷன் எதற்கு, வலித்ததா? ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிடு என்று என் மகள் வசந்தா சொன்னாள். நான் எட்டாவது வரை படித்தவள், வாரப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை படிப்பவள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பொன்னேரிக்கு மேற்கே கழனி. என் கணவர் ஏகாம்பரம் நெல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசுகிறவர், அதுவும் யாராவது கேட்டால். 1963-இல் வசந்தா தவழ்கிற குழந்தையாக இருந்தபோது என் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. பால் கட்டிக்கொண்டது என்று நினைத்துப் பத்துப் போட்டோம். அது கரையாமல் கல்லாகிக்கொண்டே போனது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்று என்றார்கள். மார்பை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வாரங்களுக்குக் கரண்டு வைத்தார்கள்.

கரண்டு என்று நாங்கள் சொல்வது மின்சாரம் இல்லை. கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து வருகிற கதிர். கண்ணுக்குத் தெரியாது, படும்போது வலிக்காது. மிச்சம் மீதி ஒளிந்திருக்கிற புற்றை அது சுட்டுவிடும். எனக்கு இடது மார்பிலும் அக்குளிலும் கழுத்து எலும்புக்கு மேலே இருக்கிற குழியிலும் வைத்தார்கள். தோல் கறுத்து உரிந்தது. அந்த அறையில் மேசைமேல் தனியாகப் படுத்துக்கொண்டு நான் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொள்வேன். என் குழந்தை தானே தலை பின்னிக்கொள்கிற வயது வரைக்கும் என்னை விட்டுவை, அப்புறம் உன் இஷ்டம் என்று.

நோயும் விட்டுவைத்தது. வசந்தா தானே தலை பின்னிக்கொண்டாள், தானே சைக்கிள் கற்றுக்கொண்டாள், பொன்னேரிக்குப் பள்ளிக்கூடம் போய் ஒன்பதாவது வரைக்கும் வந்துவிட்டாள். நானும் நோயை மறந்திருந்தேன். குளிக்கும்போது மட்டும் தழும்பு கையில் தட்டுப்படும், அப்போது ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

1976 தை மாதம் கழிந்தபோது இடது கை வலிக்க ஆரம்பித்தது. கிணற்றில் நாலு குடம் இறைத்தால் போதும், கை கனத்து மரத்துப்போகும். விரல்கள் வெளுத்துச் சில்லென்று ஆகிவிடும். கொஞ்சம் சும்மா இருந்தால் சரியாகிவிடும். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பழையது திரும்பிவிட்டது. வேண்டிக்கொண்ட கெடு முடிந்துவிட்டது. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் காலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் கண் இருண்டு சாய்ந்துவிட்டேன். நல்ல வேளை, கிணற்றுக்கு வெளியே விழுந்தேன். எழுப்பி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எனக்குத் தெளிந்துவிட்டது. ஆனாலும் கணவர் பயந்துபோய்ப் பக்கத்து ஊர் வைத்தியரை வண்டி வைத்து அழைத்துவந்தார்.

ஆணுக்கு வலது கையிலும் பெண்ணுக்கு இடது கையிலும் நாடி பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வைத்தியர் என் இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் வேர்த்தது. பிறகு என் கையைப் பூப்போல மடியில் வைத்துவிட்டு, என் கணவரை வாசலுக்கு அழைத்துப்போனார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"மறைச்சி இன்னா பிரயோஜனம், ஏகாம்பரம்? நாடி உழுந்துப்போச்சி. மூணு தபா பாத்துட்டேன். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிவுட்டுடு."

"பேசிகினுதான கீது, அய்யா."

"வெளக்கு அணையறப்போ கொஞ்சம் நல்லாதான் எரியும்ப்பா. மனச தேத்திக்க."

மறுநாளே வீடு நிறைந்துவிட்டது. கணவருக்கு அக்கா, என் நாத்தனார் தாயாரம்மா, கும்மிடிப்பூண்டியிலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்கினாள். தாயாரம்மாவுக்கு எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் எழுந்தது இல்லை. அன்றைக்கு என் தலைமாட்டில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதுதான் எனக்கு வைத்தியர் சொன்னதைவிடப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"அலமேலு, நான் சொல்றத தப்பா எடுத்துக்காத. ஊட்ல ஒண்ணு ஆயிட்டா ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கெடையாது. அதுக்கப்புறம் தாயில்லாப் பொண்ண எவன் வந்து கேப்பான்? எம் புள்ள தயாளனுக்கே கட்டிக்கிறேன். கம்பெனில வேல, குடி கிடி ஒண்ணும் கெடையாது. வெள்ளிக்கெழம தாலி கட்டிடலாம். ஒங் கண்ணால பாத்துட்டுப் போ."

குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது. தாயின் உயிர் போவதற்குள் பெண்ணை ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பதைத்தான் எல்லாரும் கடைசி மரியாதையாக நினைக்கிறார்கள். என் நாத்தனார் பாசத்தில்தான் கேட்டாள். நானும் சரி என்று தலையாட்டினேன். மஞ்சளும் தாலிச் சரடும் வாங்க அன்றைக்கே ஆள் போனது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வசந்தா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினான்கு வயது. அழவில்லை.

"முழுப்பரீட்ச எழுதிட்டுப் பண்ணிக்கிறேம்மா. அதுவரைக்கும் நீ இருப்ப இல்ல?"

அவள் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலை பின்னிக்கொள்கிற வயது வரைக்கும் போதும் என்று நானேதான் கேட்டிருந்தேன். என்ன கஞ்சத்தனமாகக் கேட்டுவிட்டேன் என்று அப்போது தோன்றியது. என் உயிர் இன்னும் கொஞ்சநாள் வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. எனக்காக இல்லை, அவள் அந்தப் பரீட்சையை எழுதவேண்டும் என்பதற்காக.

கல்யாண மாப்பிள்ளை தயாளன் மறுநாள் காலையில் ராத்திரி வேலை முடிந்து வந்தான். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருக்கிற தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை. என் முன்னால் வந்து சங்கடத்தோடு நின்றான்.

"அத்த, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. வசந்தா சின்னப் பொண்ணு. எங்க கம்பெனி டாக்டராண்ட ஒரு தபா காட்டிட்டு அப்புறம் பேசிக்கலாமே. நடந்து வந்து ரயில் ஏறுவியா?"

"கொல்லைக்கு நடந்துதானடா போறேன். ரயிலுக்கு நடக்க மாட்டனா?"

சாகக்கிடக்கிறவளை ரயில் ஏற்றுவதா என்று தாயாரம்மா ஒரு பாட்டம் கத்தினாள். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பொன்னேரி ஸ்டேஷனில் நாங்கள் நிற்கிறபோது, பட்டணத்திலிருந்து வந்த வண்டியில் கடம்பத்தூர்ச் சின்னம்மா இறங்கினாள். என்னைக் கடைசியாகப் பார்க்க வந்தவள். வழியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது. பிளாட்பாரத்தில் நான் நிற்பதைப் பார்த்ததும் முந்தானையை வாயிலிருந்து எடுத்து, "எங்கடி போற?" என்றாள். "கும்மிடிப்பூண்டிக்கு" என்றேன். அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவளும் எங்களோடு அந்த வண்டியிலேயே திரும்ப ஏறிக்கொண்டாள்.

கம்பெனி டாக்டர் சின்ன வயதுக்காரர். தொழிலாளிகளுக்குக் காயம்பட்டால் கட்டுப்போடுகிற சின்ன அறை அது. என் இடது கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்தவர் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி அடித்தார். கருவி கெட்டுவிட்டதோ என்று தயாளன் கையில் கட்டிப் பார்த்தார், அவனுக்குச் சரியாகக் காட்டியது. பிறகு என் வலது கையில் கட்டினார். நன்றாகக் காட்டியது, வேண்டியதற்கு மேலேயே காட்டியது. என் இரண்டு மணிக்கட்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.

"வைத்தியர் எந்தக் கையைப் பார்த்தார்?"

"இடது கை, சார். பொம்பளைக்கு அதுதான பாக்கணும்?" என்றார் என் கணவர்.

"வலது கையைத் தொடவே இல்லையா?"

"அது ஆம்பளைக்கு, சார்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார். "வைத்தியர் பொய் சொல்லலம்மா. இந்தக் கையில நாடி இல்லவே இல்ல. ஆனா அந்தக் கையில குதிரை மாதிரி ஓடுது. இது சாவு இல்ல. இடது கைக்குப் போற ரத்தக்குழாயில ஏதோ அடைப்பு. முன்னாடி இந்தப் பக்கம் ஏதாவது வைத்தியம் நடந்ததா?"

நான் கரண்டு வைத்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பழைய புற்று கழுத்துக் குழியில் திரும்ப வந்து குழாயை அழுத்தலாம், அல்லது குழாயே கெட்டிருக்கலாம், எது என்று பெரிய ஆஸ்பத்திரியில்தான் தெரியும் என்றார். ஆக, வெள்ளிக்கிழமைக் கல்யாணம் நின்றது, ஆனால் ஒழிந்துவிடவில்லை. புற்று என்று வந்தால் மறுபடியும் மஞ்சளை எடுப்பார்கள். அது எனக்குத் தெரியும், வசந்தாவுக்கும் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அதே நீள வராந்தா, அதே பினாயில் வாசனை. காத்திருப்பதுதான் அங்கே முக்கால்வாசி வைத்தியம். சீட்டு வாங்கக் காத்திருக்கணும், ரத்தம் கொடுக்கக் காத்திருக்கணும், டாக்டர் வரக் காத்திருக்கணும். கழுத்துக் குழியில் தோல் பலகைபோல் இறுகியிருந்தது. அங்கே மரக்கவைத்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு ஆஞ்சியோகிராம் என்று ஒன்று. தொடை மடிப்பில் ஊசி குத்தி, மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் நெஞ்சுவரை ஏற்றி, மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பது. மருந்து போகும்போது உடம்புக்குள்ளே யாரோ வெந்நீர் ஊற்றினதுபோல் தலை முதல் கால் வரை ஒரு சூடு. நாலைந்து முறை மூச்சு விடுவதற்குள் போய்விடும். இனிமேல் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம்.

சதைச் சோதனை முடிவு வருகிற வரைக்கும் இருந்த நாட்களைத்தான் என்னால் சரியாக எழுத முடியவில்லை. பயம் என்றால் என்னவென்று எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்போது எனக்குச் சின்ன வயது, பாதி புரியவில்லை. இந்த முறை எல்லாம் புரிந்தது. வசந்தா ஊரில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிக்கிறேன் என்று புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் என்னைத் தாங்கினது தாயாரம்மா. முதல் வண்டி பிடித்து வந்துவிடுவாள். தூக்குப் பாத்திரத்தில் இறால் தொக்கு, ரசம், சுடுசோறு. தொக்கில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்துச் சிக்கெடுத்துத் தலை வாரிவிடுவாள். ஒருநாள் வாரிக்கொண்டே சொன்னாள்.

"அந்த மஞ்சள நான் திருப்பிக் குடுக்கல, அலமேலு. நீ ஊட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திக்கிறப்போ பூசிக்கலாம்னு எடுத்து வச்சிகினு கீறேன்."

நான் திரும்பிப் பார்க்காமலே அழுதேன். அவளும் அழுதிருப்பாள், சீப்பு நின்றுவிட்டது. எத்தனையோ வருஷமாக எங்களுக்குள் இருந்த கசப்பெல்லாம் அன்றைக்குக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். என் கணவரையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"பழைய நோய் இல்லம்மா. ஒரு துளிகூட இல்ல" என்றார்.

பிறகு அவர் விளக்கினதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். நெஞ்சிலிருந்து கைக்குப் போகிற பெரிய குழாய் கழுத்து எலும்புக்கு அடியில் போகிறது. கரண்டு புற்றைச் சுட்டபோது அந்தக் குழாயின் சுவரையும் சுட்டிருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சுவர் தடித்து, உள்ளே கொழுப்புப் படிந்து, வழி குறுகி அடைத்துவிடுகிறது. அறுபது எழுபது வயதில் வரவேண்டிய குழாய் நோய் முப்பத்தெட்டிலேயே வந்துவிட்டது. முன்பெல்லாம் புற்றுக்காரர்கள் இத்தனை வருஷம் பிழைத்தே இருக்கமாட்டார்கள், அதனால் இது யார் கண்ணிலும் அதிகம் படவில்லை, நீங்கள் பிழைத்ததால்தான் எங்களுக்கு இது தெரியவருகிறது என்றார். நெஞ்சிலும் கதிர் பட்டிருப்பதால் இதயத்துக் குழாய்களையும் வருஷாவருஷம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மயக்கம் ஏன் வந்தது என்றும் கேட்டேன். கை வேலை செய்யும்போது அதற்கு ரத்தம் வேண்டும். நேர்வழி அடைத்திருப்பதால், மேலே மூளைக்குப் போகிற ரத்தத்தை இன்னொரு குழாய் வழியாகக் கீழே இழுத்துக்கொள்கிறதாம். பக்கத்தில் நின்ற என் கணவர் அப்போது பேசினார்.

"மடை அடைச்சிகினா பக்கத்துக் கழனி வரப்ப ஒடச்சி தண்ணி திருடற மாதிரி."

"அதேதான்" என்றார் டாக்டர். "டாக்டர்களும் அதைத் திருட்டுன்னுதான் சொல்றோம்."

என் கணவருக்கு அன்று முழுக்க ஒரு பெருமை.

அன்றைக்கு வைத்த கரண்டுதானே இப்படிச் செய்தது, உனக்குக் கோபம் இல்லையா என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். இல்லை. சத்தியமாக இல்லை. இப்படி ஆகும் என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தாலும் நான் அந்த மேசையில் போய்ப் படுத்திருப்பேன். ஒரு கைக்குப் போகிற குழாயைக் கொடுத்து, என் மகளோடு பதின்மூன்று வருஷம் வாங்கியிருக்கிறேன். வைத்தியர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர் மட்டும் சும்மா கஷாயம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த முறை நான் கிணற்றுக்குள்ளேயே விழுந்திருப்பேன்.

ஆபரேஷன் என்றால், தொடையிலிருந்து ஒரு துண்டு ரத்தக்குழாயை எடுத்து, கழுத்துக் குழாய்க்கும் கைக்குழாய்க்கும் நடுவில் பாலம்போல் தைப்பது. கரண்டு பட்ட இடம் என்பதால் ஆறுவது கஷ்டம், மூளைக்கும் ஆபத்து வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். தயாளன் ரத்தம் கொடுத்தான். அவனோடு வேலை செய்கிற இரண்டு பேர், என்னைப் பார்த்தே இராதவர்கள், லீவு போட்டு வந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒருவேளை சோறு போடக்கூட எனக்கு இன்னும் கொடுத்துவைக்கவில்லை.

கண் விழித்தபோது கழுத்தில் பெரிய கட்டு, தொண்டை காய்ந்து கிடந்தது. பெரிய டாக்டர் என் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் கணவரைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்க" என்றார். அவர் தயங்கித் தயங்கி விரலை வைத்தார். கல்யாணமானதிலிருந்து நாலு பேர் முன்னால் என் கையைத் தொட்டிராத மனிதர். டாக்டர் போய்விட்டார், நர்ஸ் போய்விட்டாள், பக்கத்துக் கட்டில்காரிகள் பார்க்கிறார்கள், இவர் கையை எடுக்கவே இல்லை.

"வுடுங்க. ஜனங்க பாக்குறாங்க" என்றேன்.

"பாக்கட்டும்" என்றார்.

காயம் ஆற நாள் பிடித்தது. அதற்குள் வசந்தா முழுப்பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். கல்யாணப் பேச்சைத் தயாளனே முடித்துவைத்தான். "அது படிக்கிற வரைக்கும் படிக்கட்டும்" என்று தாயாரம்மாவிடம் சொல்லிவிட்டானாம். அவளும் ஒன்றும் சொல்லவில்லையாம். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஆச்சரியம்தான்.

வீட்டுக்கு அனுப்பின அன்று வசந்தாவும் என்னை அழைத்துப்போக வந்திருந்தாள். வெளியே வருகிற வழியில்தான் கரண்டு வைக்கிற அறை. வாசல் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிற குடும்பமாம், புருஷன் மாத்திரை வாங்கப் போயிருக்கிறானாம். உள்ளேயிருந்து நர்ஸ் அவள் பேரைக் கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயமா கீதா?"

"உள்ள போனா பொளைப்பனாக்கா? கொளந்தைய யாராண்ட குடுப்பேன்?"

என் மாராப்பு ஒரு பக்கம் தட்டையாக இருப்பதை அவள் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நானும் உள்ள போனவதான். அது கொஞ்சம் பேஜாரு பண்ணும், பண்ணாதுன்னு சொல்ல மாட்டேன். தோலு கறுக்கும். ரொம்ப வருஷம் கழிச்சி கைக்குப் போற கொழாய் அடைச்சிக்கலாம், அதுக்கும் வைத்தியம் கீது. யாரு நாடி பாத்தாலும் ரெண்டு கையிலயும் பாக்கச் சொல்லு. பொம்பளன்னு இடது கையோட வுட்டுடப் போறாங்க."

"ஒனக்கு எப்பக்கா வச்சாங்க?"

"இதோ நிக்குதே, இது தவழ்ந்துகினு இருந்தப்போ."

அவள் தலையைத் தூக்கி வசந்தாவைப் பார்த்தாள். பாதத்திலிருந்து பின்னல் வரைக்கும், அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"எத்தினாவதும்மா படிக்கிற?"

"ஒம்பதாவது பாஸ் பண்ணிட்டேன்க்கா. ஸ்கூல் தொறந்தா பத்தாவது."

உள்ளேயிருந்து நர்ஸ் மூன்றாவது முறை கூப்பிட்டாள். அந்தப் பெண் எழுந்து, குழந்தையை வசந்தாவின் இடுப்பில் வைத்துவிட்டு, உள்ளே போனாள்.